ரிப்பீட்டர் பேட்ச், ஹாஸ்டல் உட்பட: ஒரு தாய்மாமன் ரிவ்யூ

கோத்தகிரியில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். நீட், இன்ஜினியரிங், விவசாயம், பாராமெடிக்கல் என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் போடும் விண்ணப்பங்கள் நிறைய என் கடைக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகின்றன. மே பிறந்தால் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "உங்க அக்கா பொண்ணு ஊட்டியில தங்கி ரிப்பீட்டர் பேட்ச் படிச்சாளே, எப்படிண்ணே? நாங்களும் சேர்க்கலாமா?" ஒருவருக்குச் சொன்னது அடுத்தவருக்குச் சொல்லும்போது பாதியாகச் சுருங்கிவிடுகிறது. அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன். நீட்டை மறுபடி எழுதுகிறவர்களுக்கான பேட்ச் அது. சென்டரின் பெயரைப் போடவில்லை. நான் விசாரித்த மற்ற இடங்களும் ஏறக்குறைய இதே மாதிரிதான் நடக்கின்றன. இதை வைத்து நீங்கள் பார்க்கப்போகும் சென்டரை எடைபோட்டுக்கொள்ளலாம்.

முதலில் காசு. 2024 ஜூலையில் சேர்த்தபோது வகுப்பு, ஹாஸ்டல், சாப்பாடு, டெஸ்ட் "எல்லாம் சேர்த்து" 1,40,000 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 25,200. ஆக 1,65,200, மூன்று தவணை. எல்லாம் சேர்த்து என்று சொன்ன பிறகும் புத்தகக் கட்டுக்குத் தனியாக வாங்கினார்கள். அக்கா வளையலைக் கூட்டுறவு வங்கியில் வைத்தாள். மச்சான் பி.எஃப். லோன் போட்டார். குறைந்ததை நான் போட்டேன்.

ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், "செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்று இருந்தது. 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் கோச்சிங் சென்டர்களுக்கு வழிகாட்டுதல் ஒன்று வெளியிட்டது. பிள்ளை பாதியில் விலகினால் மிச்சக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளுக்குள் தர வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது, மார்க்குக்கும் ரேங்க்குக்கும் உத்தரவாதம் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். (பிரிண்டுக்கு எனக்கென்ன பஞ்சம்.) மேனேஜர் பொறுமையாகப் படித்துவிட்டு, "இது கைடுலைன் சார், சட்டம் இல்ல" என்றார். மனுஷன் பொய் சொல்லவில்லை. அங்கே வகுப்பு மட்டும் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்.

ஃபார்ம் பார்ப்பதுதான் என் தொழில் என்பதால் அட்மிஷன் ஃபார்மை வரி விடாமல் பார்த்தேன். "மாணவரின் இலட்சியம்" என்று ஒரு கட்டம். அதற்கு நேரே "மருத்துவர்" என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள், நிரப்புகிற வேலையே இல்லை. கையெழுத்துக்கு இரண்டு இடம், இரண்டும் பெற்றோருக்கு. பாப்பா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் கேட்ட ஒரே கேள்வி வெஜ்ஜா, நான்வெஜ்ஜா என்பதுதான்.

அவள் ஏன் அங்கே வந்து உட்கார்ந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. பிளஸ் டூவில் 600க்கு 521. 2024 மே 5 அன்று எழுதிய நீட்டில் முதலில் வந்த மார்க் 407. அந்த வருஷக் கூத்துதான் எல்லோருக்கும் தெரியுமே: 67 பேருக்கு 720க்கு 720, கேள்வித்தாள் கசிவு, உச்ச நீதிமன்றம். அணுவைப் பற்றிய இயற்பியல் கேள்வி ஒன்றுக்கு இரண்டு விடைகளுக்கும் மார்க் கொடுத்திருந்தார்கள். பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் ஒன்று, புதியதில் ஒன்று. கடைசியில் புதிய புத்தகத்து விடைதான் சரி என்று முடிவாகி ஜூலையில் திருத்திய ரிசல்ட் வந்தது. பாப்பா படித்தது செகண்ட் ஹாண்டில் வாங்கிய பழைய புத்தகம். கொடுத்த 4 போய், மைனஸ் 1 சேர்ந்து, 402 ஆனது. அந்த ஐந்து மார்க்கால் சீட் போகவில்லை, அது முன்பே எட்டாத தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அக்காவுக்கு அதுதான் பிடிமானம் ஆயிற்று. "அஞ்சு மார்க்கைப் பிடுங்கிட்டாங்கடா. இன்னொரு தடவை எழுதினா வந்துடும்."

எஸ்டேட் லைனில் வளர்ந்தவர்களுக்கு அக்காவின் பிடிவாதத்தை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தாத்தா இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், மண்டபம் கேம்ப் வழியாக வந்தவர். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. வேலை இருக்கிற வரைக்கும்தான் லைன் வீடு. 2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அடுத்த கல்வியாண்டிலேயே ஊட்டியில் 150 சீட்டோடு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதற்கப்புறம் அக்காவுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. ஊட்டிக்குப் போய்வரும் போதெல்லாம் எந்த பஸ் எத்தனை மணிக்கு, எங்கே இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருவாள். வீட்டிலிருந்தே போய்வந்தால் ஹாஸ்டல் செலவு மிச்சமாம். சீட்டு வரவில்லை, பஸ் பாஸ் வரை யோசித்துவிட்டாள்.

2024 மே மாதம் நீட்டோடு மற்ற ஃபார்ம்களையும் போட்டுவிடலாம் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. "வேற ஃபார்ம் போட்டா, நமக்கு அதுதான் வேணும்னு சாமி நினைச்சுக்கும்" என்றாள். இதற்கு எந்த வெப்சைட்டில் பதில் தேடுவது?

இப்போது சென்டர். ஊட்டி டவுனை விட்டுத் தள்ளி, முன்பு லாட்ஜாக இருந்த கட்டடம். நோட்டீஸில் முதல் வரியே "குளுகுளு சூழலில் கவனம் சிதறாத கல்வி". கீழ்நாட்டிலிருந்து வந்த பெற்றோருக்கு அது பெரிய கவர்ச்சி. மலையில் பிறந்த நமக்குத் தெரியும், ஜூலையில் சேர்ந்தால் துவைத்த துணி காய ஒரு வாரம் ஆகும் என்று. பிள்ளைகள் ஈர யூனிஃபார்மை அயர்ன் பாக்ஸில் காயவைத்தார்கள், ஃப்யூஸ் போனது, அயர்ன் பாக்ஸுக்குத் தடை போட்டார்கள். காலை ஐந்து மணிக்கு ஸ்டடி. ஜனவரியில், காந்தல், தலைக்குந்தா பக்கமெல்லாம் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிற நாட்களிலும் ஐந்து மணிதான். ஆளுக்கு ஒரு வாளி சுடுதண்ணி. திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்கு விரல் வீங்கி எழுத முடியாமல் போனது. பாப்பாதான் அவளுக்குக் கையுறையின் விரல் நுனியை வெட்டிக் கொடுத்தாளாம். இருநூறு ரூபாய்க் கையுறை, நான் வாங்கிக் கொடுத்தது.

சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன். காரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் மூன்றும் மாறி மாறி வரும், ஊட்டியில் வேறென்ன வரும். ஞாயிறு கோழி. ரசம் நன்றாக இருக்கும் என்பாள். வார்டன் அம்மாவுக்கு முழு மார்க். ஒரு பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்றதும் ஆபீஸைக் கேட்காமல் வீட்டுக்குப் போன் போட்டவர் அவர்தான். ஆபீஸ் கதவுக்குப் பின்னால் 104, டெலி மானஸ் 14416 என்று மனநல உதவி எண்கள் போட்ட போஸ்டர் ஒட்டியிருக்கிறது. கதவு எப்போதும் திறந்தே இருப்பதால் போஸ்டரை யாரும் பார்க்க முடியாது. கவுன்சலர் என்று ஒருவர் வந்தார். மேடையேறி "உன் அம்மாவின் கண்ணீரை நினைத்துப் பார்" என்று பேசிவிட்டுப் போவார். அதற்குப் பேர் கவுன்சலிங் என்றால் எங்கள் தெரு மைக் செட்காரரே போதும்.

கொடுத்த காசில் உருப்படியானது இயற்பியல் சாரும் அவர் வைத்த நோட்டும்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு டெஸ்ட் முடிந்ததும் தப்பான கேள்விகளை மூன்று பத்தியாகப் பிரித்து எழுதச் சொல்வார். தெரியாதது, தெரிந்தும் கணக்கில் சறுக்கியது, குத்துமதிப்பாக அடித்தது. மார்க்கைப் பற்றிப் பேசவே மாட்டார், பத்திகளைத்தான் பார்ப்பார். பாப்பா முதல் தடவை 402 எடுத்தபோது 115 சரி, 58 தப்பு. நீட்டில் சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. அந்த 58 தப்பில் பெரும்பாலானவை மூன்றாவது பத்தி. பள்ளியில் "எதையும் விடாம எழுது, ஏதாவது மார்க் போடுவாங்க" என்று பழக்கியிருந்தார்கள். பப்ளிக் பரீட்சைக்கு அது சரி. ஓ.எம்.ஆர். தாளில் அது கைக்காசைக் கொடுத்துச் சூதாடுவது. நவம்பருக்குள் அவள் விட வேண்டியதை விடக் கற்றுக்கொண்டாள். இயற்பியல் அவளுக்கு வரவில்லை என்பதும் அதே நோட்டில் அதே நவம்பருக்குள் தெரிந்துவிட்டது. முதல் பத்தி குறையவே இல்லை.

2025 ஜனவரியில் தேர்வு முறையை மாற்றினார்கள். அதற்கு முன் 200 கேள்வியில் 180 எழுதினால் போதும், 200 நிமிஷம். இனி 180 கேள்வி, சாய்ஸ் கிடையாது, 180 நிமிஷம். சென்டர் ஒரே வாரத்தில் எல்லா டெஸ்டையும் புதிய முறைக்கு மாற்றியது. இதைப் பாராட்டியே ஆக வேண்டும், தூங்கிக்கொண்டிருந்த இடங்களும் உண்டு.

ஆனால் டெஸ்ட் நேரம்? காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. நிஜ நீட் மதியம் இரண்டு மணிக்கு. சாப்பிட்டுவிட்டு, வெயிலில் வரிசையில் நின்று, சோதனை போட்டு, உள்ளே போய் எழுதுகிற பரீட்சை. இதை நான் டிசம்பரிலேயே கேட்டேன். "மதியம் ஸ்டாஃப் இல்ல சார்" என்றார்கள். பிப்ரவரியில்தான் மாற்றினார்கள். இதோடு சேர்த்து அந்தக் "குளுகுளு" விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எந்த நோட்டீஸிலும் இதைப் போட மாட்டார்கள். வருஷம் முழுக்கப் பத்து, பதினைந்து டிகிரியில் ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்து படித்த பிள்ளை, மே முதல் வாரம் கோயம்புத்தூரில் அரைக் கை சட்டையும் செருப்புமாக ஃபேன் காற்றில் உட்கார்ந்து எழுத வேண்டும். மே 4 அன்று மதியம் பாப்பாவைத் தேர்வு மைய வாசலில் விட்டபோதே அவள் முகம் சிவந்து கிடந்தது. ஹாஸ்டல் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தலைசுற்றல். மலையில் படிக்க வைப்பதாக இருந்தால் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பே கீழே சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடுங்கள்.

மாதா மாதம் பெற்றோர் கூட்டம். திரை போட்டு, முதல் மார்க்கிலிருந்து கடைசி மார்க் வரை பேரோடு காட்டுவார்கள். கீழே இருக்கிற பத்துப் பேர் சிவப்பில். பிள்ளையும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அக்கா அதற்கென்றே எடுத்து வைத்த சேலையைக் கட்டிக்கொண்டு வருவாள். மச்சான் ஒரு கூட்டத்தோடு நிறுத்திக்கொண்டார். அதற்கப்புறம் கூட்டம் என்றாலே ஃபேக்டரியில் டபுள் டியூட்டி. மனுஷன் எதிர்த்துப் பேசவும் மாட்டார், தலையாட்டவும் மாட்டார். அவருக்குப் பதிலாக நான் போனேன்.

ரிசல்ட் ஜூன் 14 அன்று வந்தது. 2025இல் இயற்பியல் எல்லோரையும் அடித்துப் போட்டது. நாட்டிலேயே முதல் மார்க் 686தான். பாப்பாவுக்கு 335. உயிரியல் 244, வேதியியல் 73, இயற்பியல் 18. முந்தைய வருஷத்தைவிட 67 மார்க் குறைவு. அக்கா அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் ரேங்க்கைப் பார்த்தேன், ரேங்க் முன்னேறியிருந்தது. கேள்வித்தாள் கஷ்டமானால் எல்லோருக்கும் இறங்கும். ஒரு வருஷ மார்க்கை இன்னொரு வருஷ மார்க்கோடு ஒட்டிப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை என்பதை அன்றைக்கு ராத்திரி முழுக்கச் சொன்னேன். தப்புகள் 58லிருந்து 41 ஆகியிருந்தன, 45 கேள்விகளைத் தொடாமல் விட்டிருந்தாள். இயற்பியல் சாரின் பாடம் வேலை செய்திருக்கிறது. ஆனாலும் எம்.பி.பி.எஸ். சீட் அளவுக்கு வரவில்லை. முன்னேறியதும் நிஜம், போதாததும் நிஜம். கவுன்சலிங்கில் அதுவும் உறுதியானது.

அடுத்த வாரம் சென்டர் வாசலில் ஃப்ளெக்ஸ். "நீட் 2025 சாதனையாளர்கள்". மேல் வரிசையில் நான்கைந்து பெரிய படங்கள், கீழே பாஸ்போர்ட் சைஸில் ஒரு கூட்டம். அதில் எங்கள் பாப்பா! "தகுதி பெற்றார்" என்று கீழே எழுதியிருந்தது. 2025இல் தகுதி மார்க் பொதுப்பிரிவுக்கு 144, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளுக்கு 113. அதைத் தாண்டிய எல்லோரும் தகுதி பெற்றவர்கள்தான். தகுதிக்கும் சீட்டுக்கும் நடுவில் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் அளவுக்குத் தூரம் இருக்கிறது. ஃப்ளெக்ஸில் எத்தனை முகம் என்று எண்ணாதீர்கள், இதில் யார் எந்தக் கல்லூரியில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். பிள்ளையின் படத்தைப் போட வேண்டுமானால், பிள்ளை தேர்வில் வென்ற பிறகு எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் விதியே போட்டிருக்கிறது. இந்தத் தடவை பிரிண்ட் எடுக்கவில்லை, நேரில் போய்ச் சொன்னேன். படத்தின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இப்போது அந்த வரிசையில் ஒரு சாதனையாளருக்கு மட்டும் முகம் இல்லை.

அதே வாரம் அக்காவுக்குப் போன். "மேடம், உங்க பொண்ணு ரொம்ப நியர்ல இருக்கா. இன்னொரு வருஷம் போட்டா கன்ஃபார்ம். பழைய ஸ்டூடண்ட், ஃபிஃப்டி பர்சன்ட் ஸ்காலர்ஷிப்." முதல் தவணையை வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டுமாம். நீட் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், மேல் வயது வரம்பையும் 2022இல் எடுத்துவிட்டார்கள். அதனால் இந்தப் போன் வருகிறதை எந்த விதியும் நிறுத்தாது. என் காலத்தில் பிளஸ் டூ மார்க்கைக் கூட்ட இம்ப்ரூவ்மெண்ட் எழுதுவார்கள். இப்போது அந்த இடத்தில் இந்தக் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது.

ஆனால் அந்த வருஷம் வேறு ஒன்றும் நடந்திருந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விண்ணப்பம் மே மாதமே திறந்துவிடுகிறது. நீட் ரிசல்ட் வர ஜூன் ஆகிறது. ரிசல்ட் பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்று உட்கார்ந்தால் பல ஃபார்ம்களுக்கு நேரம் இருக்காது. இந்தத் தடவை பாப்பாவே கடைக்கு வந்து, "மாமா, தோட்டக்கலைக்கும் விவசாயத்துக்கும் போடுங்க" என்றாள். அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவள் கண் முன்னாலேயே போட்டேன். பாதியில் எழுந்து போய்விட்டாள். போகும்போது கேட்டதுதான் எனக்கு இன்னும் பதில் தெரியாத கேள்வி. "இந்தச் செடிகிட்ட இருந்து வெளியே வரத்தாண்டா இவளைப் படிக்க வெச்சேன். மறுபடி செடிகிட்டயே அனுப்புறியா?"

பாப்பாவுக்குச் செடி பிடிக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் கொழுந்தில் வரும் கொப்புள நோய் எப்படிப் பரவுகிறது என்று தாவரவியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு மச்சானுக்குப் பாடம் எடுத்தவள். அது பொழுதுபோக்கு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் அக்கா, நான், பாப்பா மூன்று பேரும் சென்டருக்குப் போனோம். அக்கா பணம் கட்டும் எண்ணத்தோடுதான் வந்தாள். இயற்பியல் சார் அங்கே இருந்தார். நோட்டை வாங்கி நவம்பர் பக்கத்தையும் ஏப்ரல் பக்கத்தையும் எடுத்து வைத்தார். "இந்தப் பத்தி குறைஞ்சிருக்கு, இது குறையல. இன்னொரு வருஷம் படிச்சா இது கொஞ்சம் குறையும். எவ்வளவுன்னு நான் சொன்னா அது பொய்." பிறகு பாப்பாவைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்ற?" என்றார்.

அந்தக் கட்டடத்தில் அந்தக் கேள்வி அப்போதுதான் முதல் தடவையாக என் காதில் விழுந்தது.

பாப்பா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "எழுதச் சொன்னா எழுதுவேன் சார். பயாலஜி படிப்பேன். பிசிக்ஸ் புத்தகத்தைத் திறந்தா வயிறு கலங்குது. டாக்டர் ஆகணும்னு எனக்கு இல்ல, அம்மாவுக்கு ஆகணும்." குரல் ஏறவும் இல்லை, அழவும் இல்லை. ஆபீஸ் பையன் தவணை ரசீது புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தான். அக்கா அவனிடம், "நாளைக்கு வரோம் தம்பி" என்றாள். மறுநாள் போகவில்லை. அவ்வளவுதான் எங்கள் வீட்டில் எடுத்த முடிவு. யாரும் "சரி" என்று சொல்லவில்லை.

விவசாயக் கவுன்சலிங்கில் 7.5 சதவீதத்தில் தோட்டக்கலை கிடைத்தது, பெரியகுளம். இந்த ஒதுக்கீடு மருத்துவத்துக்கு மட்டும் என்று இன்னும் பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2021இல் வந்த சட்டத்தில் இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் உண்டு. அந்தச் சீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. சாமி குழம்பிவிடும் என்று 2024இல் போடாமல் விட்ட ஃபார்மும் இதேதான். அக்கா வளையல் இன்னும் வங்கியில் இருக்கிறது. பாப்பா லீவுக்கு வந்தால் சமைத்துப் போடுகிறாள், காலேஜைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதில்லை. மச்சான் கேட்கிறார். தேயிலையைப் பற்றி மட்டும்.

சரி, சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு. இயற்பியலும் வேதியியலும் ஓரளவு வந்து, கவனக்குறைவாலும் குத்துமதிப்பாலும் மார்க்கை விட்ட பிள்ளை, தானாக வாயைத் திறந்து "இன்னொரு தடவை எழுதணும்" என்று சொன்னால், தாராளமாகச் சேருங்கள். டெஸ்ட் சீரீஸும் இயற்பியலும் காசுக்குத் தகும். வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளை என்றால் டெஸ்ட் சீரீஸை மட்டும் தனியாகக் கேளுங்கள், கொடுக்கிறார்கள், ஹாஸ்டல் கட்டணத்தில் சிறு பங்குதான் ஆகும். ஆனால் நோட்டீஸில் அதை எழுத மாட்டார்கள். சேர்வதற்கு முன் முந்தைய இரண்டு வருஷக் கேள்வித்தாளை மதியம் இரண்டு மணிக்கு உட்கார்த்தி எழுத வையுங்கள். மூன்று பத்தி நோட்டைப் போடுங்கள். முதல் பத்தி நிரம்பி வழிந்தால் இந்த மாதிரி இடம் ஒரு வருஷத்தில் அதைக் காலி செய்யாது. மூன்றாம் முறை என்று போன் வந்தால் எந்த வெள்ளிக்கிழமைக்கும் பயப்படாதீர்கள், அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே ஸ்காலர்ஷிப்தான். எது எப்படியானாலும் எல்லா ஃபார்மையும் மேயிலேயே போட்டுவிட்டு வாருங்கள். நான் சொல்வது கடை வியாபாரத்துக்காக என்று நினைத்தால் வீட்டு போனிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

இயற்பியல் சார் இந்த ஜூனோடு அங்கிருந்து போய்விட்டதாகக் கேள்வி. போகிறவர்கள் முதலில் அதை விசாரியுங்கள். அவர் இல்லையென்றால் நான் மேலே சொன்னதில் பாதி செல்லாது. பாப்பாவின் நோட்டும் டெஸ்ட் தாள் கட்டும் என் கடை மேல் அலமாரியில் இருக்கின்றன. வந்து உட்கார்ந்து பார்க்கலாம். தாள் அவர்களுடையது என்பதால் ஜெராக்ஸ் மட்டும் போட்டுத் தர மாட்டேன்.